ஒரே இரவில் கட்டி முடிக்கப்படும் அணு உலைகள்

அணு மின்சாரம் பற்றி வாதாட வருகிறவர்கள் எல்லோரும் சட்டைப்பையில் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். ஆதரிப்பவர் பையில் சின்ன எண், எதிர்ப்பவர் பையில் பெரிய எண். இவர் அவரைப் பொய்யர் என்பார், அவர் இவரைக் கைக்கூலி என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் இரண்டு எண்ணுமே ஏதோ ஒரு அதிகாரபூர்வ ஆவணத்தில் இருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். ஒரே உலைக்கு எப்படி இரண்டு மூன்று விலை இருக்க முடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் சண்டை சுவாரஸ்யம் கெட்டுவிடுமே!

பிரான்சில் ஃபிளமன்வில் என்ற கடற்கரை ஊரில் மூன்றாவது உலையைக் கட்ட 2007 டிசம்பரில் கான்கிரீட் கொட்டினார்கள். 330 கோடி யூரோ ஆகும், 2012ல் முடியும் என்றார்கள். 2020ல் கட்டுகிற நிறுவனமான ஈ.டி.எஃப். சொன்ன செலவு 1,240 கோடி யூரோ. அதே 2020ல் அந்த நாட்டின் தணிக்கை மன்றம் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 1,910 கோடி யூரோ வரை போகும் என்று சொன்னது. ஒரே ஆண்டு, ஒரே உலை, இடைவெளி கிட்டத்தட்ட 670 கோடி யூரோ! இருவருமே 2015ஆம் ஆண்டின் விலையில்தான் பேசினார்கள், ஆகவே பணவீக்கத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை.

யாராவது ஒருவர் பொய் சொல்லியிருக்க வேண்டுமே? இல்லை. ஈ.டி.எஃப். கடன் வட்டியைச் சேர்க்கவில்லை. தணிக்கை மன்றம் சேர்த்தது. வட்டி மட்டும் 420 கோடி யூரோ. முதலில் மொத்தக் கட்டுமானத்துக்கும் சொன்ன தொகையை விட வட்டி அதிகம். மிச்சம், உலையை இயக்கத்துக்குக் கொண்டுவருவது போன்ற மற்ற செலவுகள். கடைசியில் அந்த உலை மின்கட்டமைப்பில் இணைந்தது 2024 டிசம்பரில். பன்னிரண்டு வருஷத் தாமதம்.

ஓவர்நைட் காஸ்ட் என்னும் மாயம்

அணுமின் துறையில் "ஓவர்நைட் காஸ்ட்" என்று ஒரு சொல் உண்டு. ராத்திரி படுக்கப்போகும்போது காலி மனை, விடிந்து பார்த்தால் உலை நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன செலவாகும், அதுதான் இது. சிமெண்ட், இரும்பு, இயந்திரம், கூலி, இஞ்சினியர் சம்பளம் எல்லாம் இதில் அடங்கும். வட்டி அடங்காது. ஒரே இரவில் கட்டியாகிவிட்டதே, வட்டிக்கு ஏது நேரம்?

இரண்டு உலைகளின் வடிவமைப்பை ஒப்பிட்டுப் பார்க்க இது பயன்படும், அதில் தப்பில்லை. ஆனால் ஊருக்குச் சொல்லும்போது இந்த எண்ணையே "விலை" என்று சொல்வதுதான் மோசடி.

வீடு கட்டியவர்களிடம் கேட்டால் இது உடனே புரியும். மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது ஓவர்நைட் காஸ்ட். பேங்க் லோன் வாங்கி, வாடகை வீட்டில் இருந்துகொண்டே வட்டியும் கட்டி, சென்ட்ரிங் ஆட்கள் ஊருக்குப் போனதால் நாலு மாதம் வேலை நின்று, கிரகப்பிரவேசம் அன்று மொத்தமாகக் கூட்டிப் பார்க்கிறார்களே, அந்தத் தொகைதான் உண்மையான விலை. வீட்டைக் கட்டிப்பார் என்று பெரியவர்கள் சொன்னது சதுர அடிக் கணக்கை மனதில் வைத்து இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கால்குலேட்டர் போதும். ஓவர்நைட் காஸ்ட் 10,000 கோடி ரூபாய். வட்டி 9 சதவீதம். வருஷத்துக்கு 2,000 கோடியாக ஒவ்வொரு வருஷத் தொடக்கத்திலும் செலவழித்து 5 வருஷத்தில் முடித்துவிட்டால், முடிகிற நாளில் கடன் சுமார் 13,050 கோடி. இதையே 12 வருஷத்துக்குச் சமமாக இழுத்தால் சுமார் 18,300 கோடி. ஒரு மூட்டை சிமெண்ட் கூட அதிகம் வாங்கவில்லை, ஒருவருக்கும் சம்பள உயர்வு இல்லை, ஆனால் 5,000 கோடிக்கு மேல் கூடிவிட்டது.

இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. 5 வருஷத்தில் பணம் முழுக்கச் செலவாகிவிட்டது, கட்டடம் நிற்கிறது, ஆனால் ஒரு வால்வு சரியில்லை, ஒரு வெல்டிங் சரியில்லை என்று 7 வருஷம் மின்சாரம் வராமல் கிடக்கிறது. அப்போது கடன் சுமார் 23,850 கோடி. போட்ட பணத்தைப் போல சுமார் 1.4 மடங்கு பணம் வட்டிக்கே போய்விட்டது. அணு உலைகளின் தாமதம் பெரும்பாலும் இப்படி முடிவுக்குப் பக்கத்தில் வருவதுதான். ஃபிளமன்வில்லில் பிரதான நீராவிக் குழாய்களின் வெல்டிங்கில் குறை என்று 2018ல் பெரிதாக வெடித்தது. உலை முடிய வேண்டிய தேதிக்கு ஆறு வருஷம் கழித்து!

ஆக, அணு உலையின் விலையைத் தீர்மானிப்பது யுரேனியம் இல்லை, கான்கிரீட் கூட இல்லை. காலண்டர்தான். கட்டி முடிக்கும் தேதியைத் தப்பாகச் சொல்கிறவர் விலையையும் தப்பாகத்தான் சொல்வார்.

கூடங்குளம்: ஒரே இடம், நான்கு விலை

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988ல் ஒப்பந்தம் போட்டு, சோவியத் யூனியனே காணாமல் போய், 1998ல் மறுபடி ஒரு துணை ஒப்பந்தம் போட்டு, 2002ல் கட்டுமானம் தொடங்கியது கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள். ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். மதிப்பீடு 13,171 கோடி ரூபாய். முடிக்க வேண்டிய தேதி முதல் உலைக்கு 2007 டிசம்பர், இரண்டாவதுக்கு 2008 டிசம்பர்.

வணிக உற்பத்தி தொடங்கியது? முதல் உலை 2014 டிசம்பர் 31. இரண்டாவது 2017 மார்ச் 31. முறையே 7 வருஷமும் 8 வருஷம் 3 மாதமும் தாமதம். செலவு 22,462 கோடி. மதிப்பீட்டை விட சுமார் 70 சதவீதம் கூடுதல்.

அதே வளாகத்தில் அதே அளவில் 3, 4ஆம் உலைகளுக்கு ஒப்புதல் தரப்பட்ட தொகை 39,849 கோடி. 5, 6ஆம் உலைகளுக்கு 49,621 கோடி. மெகாவாட்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் 6.6 கோடியில் ஆரம்பித்து, 11.2 ஆகி, 19.9 ஆகி, 24.8 கோடியில் வந்து நிற்கிறது.

இந்த நான்கு எண்களை அப்படியே வரிசையாகப் போட்டு "பாருங்கள் கொள்ளையை" என்று கத்துவதும் நேர்மை இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு வருஷத்து ரூபாய். டாலருக்கு எதிரான மதிப்பும் மாறிவிட்டது. 2010ல் வந்த அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தையும் கடினமானது. ஆனால் கேள்வி இதுதான்: இதில் பணவீக்கம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, உண்மையான கூடுதல் செலவு எவ்வளவு என்று பிரித்து, எல்லோருக்கும் புரிகிற ஒரே ஒரு பக்கத்தில் வெளியிட அணுசக்தித் துறைக்கு என்ன கஷ்டம்? பிரித்துக் காட்டாதவரை ஆதரிப்பவர் முதல் எண்ணைப் பிடித்துக்கொள்வார், எதிர்ப்பவர் கடைசி எண்ணைப் பிடித்துக்கொள்வார். சண்டை இன்னும் நூறு வருஷம் போகும்.

பழியை யார் மேல் போடுவது?

கூடங்குளம் செலவு ஏன் கூடியது என்று கேட்டால் உடனே வருகிற பதில்: "போராட்டக்காரர்களால்". இடிந்தகரை மீனவர்கள் கொடி பிடித்ததால் பல ஆயிரம் கோடி போச்சு என்பது இன்றைக்கும் பல பேருடைய மனப்பாடம்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போராட்டம் பெரிதானது 2011 செப்டம்பரில், புகுஷிமாவுக்குப் பிறகு. அப்போதே முதல் உலை மூன்றே முக்கால் வருஷம் தாமதம். போராட்டத்தால் வேலை முடங்கியது சுமார் அரை வருஷம். 2012 மார்ச்சில் தமிழக அரசு பச்சைக்கொடி காட்டியதும் மீண்டும் தொடங்கிவிட்டது. அதற்கப்புறம் வணிக உற்பத்திக்கு வர இன்னும் இரண்டே முக்கால் வருஷம் ஆனது. ஏழு வருஷத் தாமதத்தில் அரை வருஷத்துக்குப் பொறுப்பானவர்கள் மேல் ஏழு வருஷத்தையும் ஏற்றுவது என்ன கணக்கு? ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய கருவிகள் வேண்டிய வரிசையில் வரவில்லை என்பதெல்லாம் போராட்டத்துக்கு முன்பே இருந்த பிரச்சினை.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலை 2003ல் 3,492 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் பெற்றது. 2010ல் முடிய வேண்டியது. பின்னர் மதிப்பீடு 5,677 கோடியானது, அதையும் தாண்டிப் போனது. உலையின் மையத்தில் பொருள் ஏற்றும் வேலை தொடங்கியதைப் பிரதமர் வந்து பார்த்தது 2024 மார்ச்சில். இங்கே யார் வேலையை நிறுத்தினார்கள்? எந்த மீனவர் வாசலில் உட்கார்ந்தார்? புது வகைத் தொழில்நுட்பம், முதல் முறை, கஷ்டம் வரத்தான் செய்யும். சரி. அப்படியென்றால் அந்தக் கஷ்டம் முதல் நாளே மதிப்பீட்டில் இருந்திருக்க வேண்டாமா?

விளையாத பயிருக்கு வரி

மதிப்பீடு தப்பானால் யார் தலையில் விழும் என்பதற்கு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தை விடத் தெளிவான பாடம் கிடையாது. அங்கே 2007ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உலை கட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு யூனிட் மின்சாரம் வருவதற்கு முன்பே, அதன் நிதிச் செலவை மக்களின் கரண்ட் பில்லில் சேர்க்கலாம். வட்டி குறையும், மொத்தச் செலவு குறையும் என்பது வாதம். காகிதத்தில் பார்த்தால் நியாயமான வாதம்தான்.

வி.சி. சம்மர் என்ற இடத்தில் இரண்டு உலைகள் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டணம் ஒன்பது முறை உயர்ந்தது. 2017 மார்ச்சில் உலையை வடிவமைத்த வெஸ்டிங்ஹவுஸ் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அதே வருஷம் ஜூலை 31ல் திட்டத்தையே கைவிட்டார்கள். சுமார் 900 கோடி டாலர் செலவழிந்திருந்தது. ஒரு பல்பு கூட எரியவில்லை. வேலை நன்றாகத்தான் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நிறுவனத்தின் தலைமை அதிகாரி மோசடிக் குற்றத்துக்காக 2021ல் இரண்டு வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் தண்டனை பெற்றது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், பில் கட்டியது லட்சக்கணக்கானவர்கள்.

பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவில் அதே வகை உலைகள் இரண்டு, வோக்டில் என்ற இடத்தில். அவற்றை முடித்தார்கள், 2023லும் 2024லும் உற்பத்தி தொடங்கியது. சுமார் 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்தது 3,000 கோடி டாலரைத் தாண்டியது. ஏழு வருஷத் தாமதம். இரண்டு இடத்திலும் பொதுவான குறை ஒன்று: விரிவான வரைபடங்கள் முடிவதற்கு முன்பே கட்டுமானம் தொடங்கியது. பிளான் முடியாத வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டவரை எந்த ஊரிலாவது நம்புவார்களா? அணு உலைக்கு மட்டும் நம்பினார்கள்.

சின்ன உலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இப்போதைய மந்திரம். நூஸ்கேல் என்ற நிறுவனம் யூட்டா மாநில நகரங்களுக்காக 462 மெகாவாட்டில் சின்ன உலைகள் கட்டுவதாக இருந்தது. மதிப்பீடு 530 கோடி டாலரில் இருந்து 930 கோடி டாலராக ஏறியது. அதுவும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே. 2023 நவம்பரில் திட்டம் ரத்து. ஒரு வகையில் இது நல்ல செய்தி: விலை உண்மையாகத் தெரிந்ததும் வாங்குகிறவர் எழுந்து போக முடிந்தது. தென் கரோலினா மக்களுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் எங்குமே முடியாதா?

முடியும். சீனாவில் பல உலைகள் ஐந்து, ஆறு வருஷத்தில் முடிகின்றன. ஃபிளமன்வில் வகை உலையையே தைஷானில் 2009ல் ஆரம்பித்து 2018ல் முடித்தார்கள். இரண்டு வருஷம் பின்னால் தொடங்கி, ஆறு வருஷம் முன்னால் முடித்தார்கள். (அதுவும் அவர்கள் திட்டமிட்டதை விடத் தாமதம்தான்!) தென் கொரியர்கள் அபுதாபியில் பராக்காவில் நான்கு உலைகளை 2021 முதல் 2024க்குள் வரிசையாக உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள், அதிலும் சில வருஷத் தாமதம் உண்டு, ஆனால் ஃபிளமன்வில் மாதிரி இல்லை.

இவர்கள் செய்தது மந்திரம் இல்லை. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். ஒரு உலையை முடித்த வெல்டர் அடுத்த உலைக்குப் போனார். பிரான்சும் அமெரிக்காவும் பல வருஷம் கட்டாமல் இருந்துவிட்டு, புது வடிவத்தோடு, புது ஆட்களோடு, பழைய நம்பிக்கையோடு இறங்கின. ஆகவே "அணு உலை என்றாலே நஷ்டம்" என்று வோக்டிலை மட்டும் காட்டுகிறவரும், "அணு உலை என்றாலே மலிவு" என்று சீனாவை மட்டும் காட்டுகிறவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: இந்த நாட்டில், இந்த வடிவத்தை, இந்த ஆட்கள் இதற்கு முன் எத்தனை முறை கட்டினார்கள், ஒவ்வொரு முறையும் சொன்னது என்ன, ஆனது என்ன?

இந்தக் கேள்விக்கு ஒரு முறையே இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளீபெர்க் பெரிய திட்டங்களின் செலவை உலகம் முழுக்கத் திரட்டினார். அவர் 2023ல் வெளியிட்ட புத்தகத்தின்படி அணு மின் நிலையங்களின் சராசரிக் கூடுதல் செலவு 120 சதவீதம். சூரிய மின் திட்டங்களுக்கு 1 சதவீதம். அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது: உள்ளே உட்கார்ந்து போல்ட், நட் எண்ணி மதிப்பிடுவதோடு நிற்காதே, இதே மாதிரித் திட்டங்களுக்கு வெளியே என்ன நடந்தது என்று பார்த்து அந்த அளவுக்கு எண்ணைத் திருத்து. சூரிய மின்சாரத்துக்கு ராத்திரி இல்லை, பேட்டரிச் செலவு இருக்கிறது என்று மறுப்பு வரும். உண்மைதான். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள் என்பதுதானே வாதமே!

ஏன் இப்போது கேட்க வேண்டும்?

2047க்குள் 1 லட்சம் மெகாவாட் அணு மின்சாரம் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு இலக்கு அறிவித்தது. அதாவது 90,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாகக் கட்ட வேண்டும். 2017ல் மத்திய அமைச்சரவை 700 மெகாவாட் உலைகள் பத்துக்கு ஒப்புதல் தந்தபோது சொன்ன தொகை 1,05,000 கோடி. மெகாவாட்டுக்கு 15 கோடி. அந்த விலையிலேயே போட்டால் 90,000 மெகாவாட்டுக்கு 13.5 லட்சம் கோடி. கூடங்குளம் முதல் இரண்டு உலைகளைப் போல 70 சதவீதம் கூடினால் இன்னும் சுமார் 9.5 லட்சம் கோடி. இந்த ஒன்பதரை லட்சம் கோடி யாருடையது?

கூடங்குளம் முதல் இரண்டு உலைகளுக்கு ரஷ்யாவின் சலுகைக் கடன் இருந்ததால் வட்டி ஓரளவு தாங்கியது. எல்லா உலைக்கும் அப்படி ஒருவர் வந்து கொடுக்க மாட்டார். போதாக்குறைக்கு, 1962ஆம் வருஷ அணுசக்திச் சட்டப்படி இந்த மின்சாரத்தின் விலையை மத்திய அரசே நிர்ணயித்து வந்தது. அனல் மின் நிலையங்களுக்கு நடப்பது போல ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் பொதுமக்கள் ஆட்சேபம் சொல்லும் விசாரணை இருந்ததில்லை. செலவைச் சொல்பவரும், செலவழிப்பவரும், விலை வைப்பவரும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் எஸ்டிமேட்டைச் சரியாகப் போட யாருக்கு அவசரம்?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நான்கே நான்கு. ஒன்று, ஒரு எண்ணைச் சொல்லாமல் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் சொல்ல வேண்டும். இரண்டு, வட்டியைத் தனி வரியில் காட்ட வேண்டும். ஒரு வருஷம் தாமதமானால் எவ்வளவு கூடும் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். மூன்று, இதே நிறுவனம் இதற்கு முன் கட்டிய உலைகளில் சொன்ன செலவும் ஆன செலவும் ஒரே வருஷ விலையில் அட்டவணையாகப் பின்னிணைப்பில் இருக்க வேண்டும். நான்கு, கூடுதலானால் அதை யார் கட்டுவார்கள் என்று கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த நான்கையும் செய்த பிறகும் அணு உலை மலிவு என்று கணக்கு வந்தால் தாராளமாகக் கட்டலாம், எதிர்ப்பவர்கள் வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும். மலிவு இல்லை என்று வந்தாலும், கரியமில வாயு இல்லாத மின்சாரத்துக்காக அந்த விலையைக் கொடுக்கலாம் என்று ஒரு நாடு முடிவெடுக்கலாம். அதுவும் நியாயமான முடிவுதான், விலை தெரிந்து எடுத்தால். விலையே தெரியாமல் எடுத்தால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து.